விசுவாசம் மாறவில்லை, கைதான் தூபம் போட்டது

"இரட்சிப்பை இழந்துபோக முடியுமா?" தமிழ்க் கிறிஸ்தவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பிரதரன் சபைக்காரர் யோவான் 10-ஐத் திறப்பார். என் ஆடுகளை ஒருவனும் என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன பேச்சு என்பார். பெந்தெகொஸ்தே சபைக்காரர் எபிரெயர் 6-க்குப் போவார். பரம ஈவை ருசிபார்த்த பிறகு மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாத காரியம் என்று எழுதியிருக்கிறதே என்பார். கத்தோலிக்கர் சாவான பாவம், பாவசங்கீர்த்தனம் என்று ஆரம்பிப்பார். சி.எஸ்.ஐ.காரர், சாப்பாடு ஆறுகிறது, முதலில் சாப்பிடுவோம் என்பார். எங்கள் சொந்தத்தில் இந்த நாலு வகையும் உண்டு என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

இதன் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாவது கேள்வி: விசுவாசம் மட்டும் போதுமா? இதற்கும் கிரியையினால் அல்ல, விசுவாசத்தைக் கொண்டு கிருபையினாலே இரட்சிப்பு என்கிற எபேசியர் 2 ஒரு பக்கம், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபு 2 மறுபக்கம் என்று அணி பிரிந்துவிடும். இரண்டு அணியும் வைத்திருப்பது ஒரே வேதாகமம். யாரும் புதிதாக ஒரு வசனத்தைக் கண்டுபிடித்து எதிராளியை வாயடைக்கப் போவதில்லை. அதனால் நான் வசனப் போரிலிருந்து விலகி, இந்தக் கேள்வி ஆயிரக்கணக்கானவர்களின் தலையில் ஒரே நேரத்தில் வந்து விழுந்த ஒரு காலத்தைப் படிக்க ஆரம்பித்தேன். கி.பி. 250.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் டீசியஸ் ரோமப் பேரரசரானார். எல்லையில் கோத்தியர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய தெய்வங்களின் தயவைத் திரும்பப் பெற்றாக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆகவே ஓர் ஆணை. பேரரசில் உள்ளவர்கள் உள்ளூர் அதிகாரிகள் முன்னால் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி, பானபலி ஊற்றி, பலியிட்ட இறைச்சியை ருசிபார்க்க வேண்டும். செய்து முடித்தவர்களுக்கு எழுத்தில் சான்று. எகிப்தின் வறண்ட மண்ணில் இப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்று அவுரேலியஸ் தியோகேனஸ் என்ற 72 வயதுக்காரருடையது. வலது புருவத்தில் தழும்பு என்று அங்க அடையாளம்கூட எழுதியிருக்கிறார்கள். நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னிலையிலும் செலுத்தினேன், சான்றளிக்கக் கேட்டுக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். தேதி 250 ஜூன் 26. இன்னொன்று பெத்தேசூக்கோஸ் என்ற முதலைத் தெய்வத்தின் பெண் பூசாரியுடையது. ஆமாம், கோயில் பூசாரியே 'நான் தெய்வபக்தி உள்ளவள்' என்று சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அரசு அலுவலகம் என்பது அன்றைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் மறுத்துச் செத்தார்கள். ரோம் சபையின் ஆயர் பேபியன் 250 ஜனவரியிலேயே கொல்லப்பட்டார். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் ஓடி ஒளிந்தார்கள். ஆனால் பெரும் கூட்டம் ஒன்று போய்ப் பலி செலுத்தியது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயராக இருந்த சிப்ரியான் அந்தக் காட்சியை எழுதி வைத்திருக்கிறார். யாரும் இழுத்துக்கொண்டு போவதற்கு முன்பே ஜனங்கள் தாங்களாகவே ஓடினார்களாம். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும், இல்லை, இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்கள் உண்டாம்.

விழுந்தவர்களிலும் வகை இருந்தது. முழுப் பலி செலுத்தியவர்கள். ஒரு சிட்டிகை தூபம் மட்டும் போட்டவர்கள். அப்புறம் மூன்றாவது வகை: பலியும் இல்லை, தூபமும் இல்லை, அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். இவர்கள் சொன்ன நியாயம் சிப்ரியானின் கடிதம் ஒன்றில் இருக்கிறது. விக்கிரகத்துக்குப் பலியிடக் கூடாது என்று ஆயர் போதித்துக் கேட்டிருக்கிறோம், அதனால் அதிகாரியிடம் போய், 'நான் கிறிஸ்தவன், எனக்கு இது ஆகாது, ஆகாததைச் செய்யாமலிருக்கப் பணம் தருகிறேன்' என்று சொல்லிக் கொடுத்தோம் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் ரொம்பவும் நமக்குப் பழக்கமான ஆட்கள்.

இவர்களில் எவருடைய விசுவாசமும் மாறவில்லை என்பதுதான் என்னை இங்கே நிறுத்தி வைக்கிறது. தூபம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன கார்த்தேஜ்காரர் அன்றிரவு ஜூப்பிட்டரை நம்பத் தொடங்கவில்லை. கிறிஸ்து மரித்தார், உயிர்த்தார் என்று காலையில் நம்பியதையே மாலையிலும் நம்பினார். அதனால்தான் அவருக்குத் தூக்கம் வரவில்லை. விசுவாசம் என்பது மனதுக்குள் ஒரு செய்தியை உண்மை என்று ஒப்புக்கொள்வது மட்டும்தான் என்றால், 250-ஆம் ஆண்டில் யாருமே விழவில்லை என்று சொல்ல வேண்டிவரும். ஆனால் அந்த ஆறுதலைச் சபையும் சொல்லவில்லை, விழுந்தவர்களும் கேட்கவில்லை. மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவனை நானும் என் பிதாவின் முன்பாக மறுதலிப்பேன் என்ற மத்தேயு 10-இன் வார்த்தை அவர்களுக்கு மனப்பாடம். அதில் உள்ளத்தில் என்ன நினைத்தாய் என்ற கேள்வியே இல்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். இயேசுவின் சீடன் பேதுரு அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தான். ஆனால் அதற்கு முன்பே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று இயேசு அவனிடம் சொன்னதை லூக்கா 22 வைத்திருக்கிறது. வாய் மறுதலித்த இரவிலும் விசுவாசம் ஒழியாமல் காக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். 1618-19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபை மாநாடு ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: தாவீதும் பேதுருவும் போல மெய்யான விசுவாசிகளும் பயங்கரமாக விழலாம், ஆனால் முற்றிலுமாகவும் இறுதியாகவும் விழுந்துவிட மாட்டார்கள். 'இரட்சிக்கப்பட்டாயிற்று, இனி எப்படி வாழ்ந்தாலும் கவலையில்லை' என்று இன்று சிலர் பேசுவதை டோர்ட்டின் தலையில் கட்டுவது அநியாயம்.

இந்த வாதத்தில் எனக்கு இடறுவது அதன் அடுத்த படி. ஒருவர் திரும்பி வராமலே போய்விட்டால், 'அவர் முதலிலிருந்தே மெய்யாக இரட்சிக்கப்படவில்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். என் பெரியப்பா ஒருவர் பல ஆண்டுகள் ஞாயிறுப் பள்ளி நடத்தியவர். சபையில் ஒரு கசப்புக்குப் பிறகு ஆலயப் பக்கமே போகவில்லை. அவர் பின்மாற்றத்தில் போய்விட்டார், இரட்சிப்பை இழந்துவிட்டார் என்று சொந்தத்தில் ஒரு பாதி சொன்னது. அவருக்கு அது எப்போதுமே இருந்ததில்லை என்று மறுபாதி சொன்னது. அவருடைய மகளுக்கு இந்த இரண்டில் எது கேட்கச் சுகமாக இருந்திருக்கும்? தவிர, கடைசிவரை நிலைத்தால்தான் ஆரம்பமே மெய் என்று தெரியவரும் என்றால், இன்றைக்கு என் இரட்சிப்பு நிச்சயம் என்று நான் எப்படிச் சொல்வது? நிச்சயத்தைக் கொடுப்பதற்காகவே வந்த போதனை, அந்த நிச்சயத்தைக் கல்லறை வரைக்கும் தள்ளிவைத்துவிடுகிறது. இழந்துவிடலாம் என்று போதிக்கிறவர்களைவிட இவர்கள் ஒன்றும் கூடுதலாகக் கொடுத்துவிடவில்லை.

சரி, 250-க்கு வருவோம். ரோமில் செலெரினுஸ் என்று ஒருவர். பேரரசர் முன்னாலேயே கிறிஸ்துவை அறிக்கையிட்டு, பத்தொன்பது நாள் சிறையில் கால்களைப் பூட்டும் தொழுமரத்தில் கிடந்தவர். அவர் கார்த்தேஜ் சிறையிலிருந்த லூசியன் என்ற நண்பருக்கு எழுதிய கடிதம் சிப்ரியானின் கடிதத் தொகுப்பில் பிழைத்திருக்கிறது. நுமேரியா, கண்டிடா என்ற இரண்டு பெண்களுக்காக எழுதுகிறார். இருவருமே விழுந்தவர்கள். ஒருத்தி பலி செலுத்தாமலிருக்கப் பணம் கொடுத்தவள். அவளே மலைமேல் கோயிலுக்குப் பாதிவழி ஏறிவிட்டுத் திரும்பி இறங்கியவள். பஸ்கா, அதாவது ஈஸ்டர், கொண்டாட்ட நாட்களிலும் இவர்களுக்காக இரவும் பகலும் அழுதேன் என்கிறார் செலெரினுஸ். கார்த்தேஜிலிருந்து விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டவர்கள் ரோமுக்கு வந்தபோது, இந்தப் பெண்கள் துறைமுகத்துக்கே போய் அவர்களை எதிர்கொண்டு அழைத்து வந்தார்கள் என்றும், அறுபத்தைந்து பேரை இன்றுவரை பராமரித்து வருகிறார்கள் என்றும் எழுதுகிறார். மன்னிப்புக்காகச் சிபாரிசு செய்யும் கடிதத்தில் இந்த அறுபத்தைந்து என்ற எண் ஏன் வருகிறது? அது விலை என்று செலெரினுஸ் நினைத்தாரா? எனக்கு அப்படிப் படவில்லை. இவர்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள் பார் என்று காட்டுகிறார், அவ்வளவுதான். கிரியை பற்றி யாக்கோபு எழுதியதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குக் கிடைத்ததில்லை.

லூசியன் இளகிய மனதுக்காரர். இவர்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்குமே சமாதானம், அதாவது சபையில் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம், என்று சிறையிலிருந்தபடியே எழுதித் தள்ளினார். சித்திரவதை தாங்கியவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று ஜனங்கள் நம்பினார்கள். இந்தச் சீட்டுகளைக் காட்டி, உடனே நற்கருணை (திருவிருந்து) கொடு என்று மூப்பர்களை மிரட்டுகிற அளவுக்குப் போனது. மறைவிடத்திலிருந்த சிப்ரியானுக்குத் தலைவலி. அவரையே ரோமிலிருந்து 'மந்தையை விட்டு ஓடின கூலியாள்' என்ற தொனியில் குத்திக்காட்டி எழுதியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஓடிப்போனவர், நின்று விழுந்தவர்களைத் தீர்ப்பு செய்யும் நிலை.

251-இல் டீசியஸ் போரில் செத்தார். கார்த்தேஜில் ஆயர்கள் கூடினார்கள். பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் மனந்திரும்பியிருந்தால், ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலி செலுத்தியவர்கள் தவத்தில், அதாவது திருவிருந்துக்கு வெளியே பாவத்துக்காக வருந்தி, இருக்க வேண்டும், மரணப் படுக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். இதுதான் முடிவு.

ரோமில் நோவேஷியன் என்ற மூப்பர் இதை ஏற்கவில்லை. சாதாரண ஆள் இல்லை. திரித்துவம் பற்றி லத்தீனில் எழுதிய பெரிய படிப்பாளி. கொர்நேலியு ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இவர் எதிர் ஆயராக நின்றுவிட்டார். 46 மூப்பர்களும், சபை தாங்கும் விதவைகளும் ஏழைகளுமாக 1500-க்கு மேற்பட்டவர்களும் இருந்த சபை அது. அது இரண்டாகப் பிளந்தது. நோவேஷியனை நியாயமாகப் புரிந்துகொள்ள வேண்டும். தேவனால் மன்னிக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை. மறுதலித்தவன் சாகும்வரை அழட்டும், தேவன் மன்னித்தால் மன்னிக்கட்டும், ஆனால் அவனைப் பந்திக்கு அழைக்கச் சபைக்கு அதிகாரம் இல்லை என்றார். எபிரெயர் 6 இந்தக் கட்சிக்குப் பெரிய ஆயுதமானது. சிறையில் செத்தவர்களின் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு நியாயமாகப் பட்டிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அப்பா உயிரைக் கொடுத்தார், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சிட்டிகை தூபம் போட்டார், அடுத்த பஸ்காவுக்கு அவர் அதே பெஞ்சில் வந்து உட்காருவாரா?

சிப்ரியான் கொடுத்த பதிலில் எனக்குப் பிடித்தது, எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று அவர் சொன்னது. கூப்பிட்டவுடன் ஓடிப்போய்ப் பலி செலுத்தியவனும், நெடுநேரம் போராடி வேறு வழியில்லாமல் போனவனும் ஒன்றா? தன்னோடு மனைவி மக்களையும் இழுத்துப்போனவனும், தான் ஒருவன் போய் அந்தப் பாவத்தைச் சுமந்து, குடும்பத்தைக் காப்பாற்றி, துரத்தப்பட்டு வந்த சகோதரர்களுக்கும் வீட்டில் இடம் கொடுத்தவனும் ஒன்றா? அப்புறம் நோவேஷியனின் தவத்தைப் பற்றி அவர் சொன்ன உவமை: நிலத்தை நன்றாக உழு, ஆனால் உனக்கு அறுவடை கிடையாது என்று விவசாயியிடம் சொன்னால் எவன் உழுவான்?

அடுத்த ஆண்டுகளில் மறுபடியும் துன்புறுத்தல் வரும் என்ற பேச்சு எழுந்தது. இந்த முறை ஆயர்கள் இன்னும் ஒரு படி இறங்கினார்கள். தவத்தில் இருக்கும் எல்லாரையும், பலி செலுத்தியவர்கள் உட்பட, இப்போதே சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். கொர்நேலியுவுக்கு எழுதிய கடிதத்தில் அவர்கள் சொன்ன காரணம்: கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்து என்று இவர்களிடம் சொல்லப்போகிறோம், அதற்கு முன் கிறிஸ்துவின் இரத்தத்தை இவர்களுக்கு மறுத்தால் எந்த முகத்தோடு சொல்வது? திருவிருந்து நல்ல நடத்தைக்குக் கிடைக்கும் பரிசு என்ற எண்ணம் இந்த ஒரே கேள்வியில் தலைகீழாகிவிடுகிறது. பெலன் இல்லாதவனுக்குத்தான் பெலன் தேவை.

கிரியையைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது அலெக்சாந்திரியாவின் செராப்பியோன் கதை. அந்த ஊர் ஆயர் தியோனீசியு எழுதியதை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் காப்பாற்றி வைத்திருக்கிறார். செராப்பியோன் நெடுங்காலம் குற்றமில்லாமல் வாழ்ந்த முதியவர், சோதனை வந்தபோது பலி செலுத்திவிட்டார். பலமுறை கெஞ்சியும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்து, நாலாம் நாள் கண் திறந்து, மூப்பரைக் கூட்டிவரும்படி பேரனை அனுப்பினார். இரவு நேரம். மூப்பருக்கும் உடல்நிலை சரியில்லை, வர முடியவில்லை. நற்கருணையில் ஒரு சிறு துண்டைப் பையனிடம் கொடுத்து, நனைத்துத் தாத்தாவின் வாயில் விடு என்றார். பையன் அப்படியே செய்தான். கிழவர் விழுங்கினார், போய்விட்டார். அவர் அறுபத்தைந்து பேருக்குச் சோறு போடவில்லை. எழுந்து உட்காரவும் அவரால் ஆகாது. கேட்டார், அவ்வளவுதான். தியோனீசியு இதை எழுதி அனுப்பியது, நோவேஷியன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த அந்தியோகியா ஆயருக்கு.

அந்த இரண்டு பெண்களையும் இந்தக் கிழவரையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் சொந்தக் கருத்து தெளிவாகிவிடுகிறது. கிருபையிலிருந்து விலகிப்போக ஒருவரால் முடியும். கையை அசைக்காத, வாயைத் திறக்காத, செலவு வைக்காத ஒப்புதலைப் புதிய ஏற்பாடு விசுவாசம் என்று அழைப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதே சமயம் திரும்பி வருகிறவர் செய்கிற எதுவும் கட்டணம் இல்லை, ஏனென்றால் கட்ட முடியாதவருக்கும் அது கிடைத்திருக்கிறது. யோவான் 10-ஐ என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். பறிக்க முடியாது என்பதை அப்படியே நம்புகிறேன். டீசியஸால் பறிக்க முடியவில்லை. தன் காலால் நடந்து போகிற ஆட்டைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை என்பது என் வாசிப்பு. அந்த ஆட்டைப் பற்றி லூக்கா 15 பேசுகிறது, மேய்ப்பன் தேடிப் போகிறான்.

சிப்ரியானோடு எல்லாவற்றிலும் உடன்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் நெருப்பை அணைப்பதுபோல் தர்மம் பாவத்தை அணைக்கும் என்ற பழைய வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் தர்மத்தைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதியிருக்கிறார். அதில் கணக்குப்பிள்ளை வாடை அதிகம். விழுந்தவர்களை மிரட்ட அவர் சொல்லும் திகில் கதைகளும் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் 'ஓடினவர்' என்று பெயர் வாங்கிய அதே மனிதர் 258 செப்டம்பர் 14 அன்று, தன்னை வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டினார். 250-இல் பிடிபட்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ. எட்டு ஆண்டு அவகாசம் அவருக்கும் கிடைத்தது.

இந்தப் பழைய சண்டை எங்கள் ஊர்ப்பக்கம் வரை வந்திருக்கிறது. 1530-இல் லுத்தரன்கள் அவுக்ஸ்பர்க்கில் கொடுத்த விசுவாச அறிக்கையின் 12-ஆம் பிரிவு இரண்டு தரப்பை ஒரே மூச்சில் கண்டிக்கிறது: ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே மாட்டார் என்பவர்களையும், ஞானஸ்நானத்துக்குப் பின் விழுந்தவர் மனந்திரும்பினாலும் மன்னிப்புக் கூறாத நோவேஷியன்காரர்களையும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு லுத்தரன் மரபுக்காரர். அந்த வழியில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் அது சொந்த அறிக்கை. அதாவது 251-இல் ரோமில் நடந்த தகராறு தஞ்சாவூர்ப் பக்கத்து ஆலயங்களின் விசுவாசப் பத்திரத்திலும் பெயரோடு இருக்கிறது. எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது வேறு.

நம் சபைகளில் இன்றும் ஒருவரைத் திருவிருந்திலிருந்து நீக்கிவைப்பது நடக்கிறது. நீக்குவதற்கு விதி இருக்கிறது, கமிட்டி இருக்கிறது, நடவடிக்கைக் குறிப்பேடு இருக்கிறது. திரும்பச் சேர்ப்பதற்கு என்ன வழி என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் மன்னிப்புக் கடிதம், சில இடங்களில் எல்லார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டும், சில இடங்களில் போதகர் மாறும்வரை காத்திருக்க வேண்டும். கார்த்தேஜில் ஆயர்கள் ஊர் ஊராக வந்து கூடி, ஒவ்வொருவருடைய கதையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். இரட்சிப்பை இழக்க முடியும் என்று போதிக்கிற சபைக்கு அந்த வேலை இரட்டிப்பாக உண்டு என்று நினைக்கிறேன். பெரியப்பா வீட்டுக்கு அந்த வேலையாக இதுவரை யாரும் போகவில்லை.